மூன்றே மூன்று பொருள்

வெண்ணெய் மூன்றாவது தடவையாக உருகி, ரொட்டியை விட்டு மேஜைக்கு வந்து, மேஜையை விட்டுத் தரைக்குக் கிளம்பியபோது வார்னிஷ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"லைட்டை அணைங்கண்ணே!"

"அணைச்சா எப்படிக்கா படம் எடுக்கறது?" என்றார் கேமராக்காரர். "என் கேமரா என்ன ஆந்தையா?"

லைட்காரர் சுவிட்ச்சில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாத சமயங்களில் அவர் எதுவும் செய்யமாட்டார். அதுதான் அவர் இத்தனை வருஷம் வேலையில் நிலைத்ததன் ரகசியம்.

அது தின்பண்டங்களை விளம்பரத்துக்காகப் படம் பிடிக்கும் ஸ்டுடியோ. மாடியில் ஒரு பெரிய அறை, பின்னால் ஒரு சின்ன சமையலறை. கேமராக்காரர்தான் முதலாளி. பண்டங்களை அழகு பண்ணி மேஜையில் வைப்பது அக்காவின் வேலை. அழகு என்றால் சாமான்ய அழகு இல்லை. நீங்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்த ஐஸ்கிரீம் படத்தில் இருந்தது அவள் பிசைந்து சாயம் போட்ட உருளைக்கிழங்கு. கிண்ணத்தில் பால் மாதிரி இருந்தது மரம் ஒட்டும் வெள்ளைப் பசை. பொரித்த கோழியின் மேலிருந்த மினுமினுப்பு, நாற்காலிக்குப் பூசும் வார்னிஷ். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். மேஜையில் இருப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஸ்டுடியோவின் எழுதாத சட்டம்.

இந்த வேலையால் அக்காவுக்கு வீட்டில் பெரிய மரியாதை எதுவும் இல்லை. அவள் என்ன சமைத்து வைத்தாலும் அவள் புருஷன் முதலில் மோந்து பார்ப்பார். மாமியார் ஒரு படி மேலே. "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடும்மா, நான் பார்த்துட்டு சாப்பிடறேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் அக்காவுக்கு அது உள்ளுக்குள் குத்தும்.

அதனால்தான் நேற்று ஒரு சாண்ட்விச் கடை முதலாளி போனில் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய ஆள். ஒரு வருஷத்துக்கான விளம்பரப் படம் முழுக்க ஒரே ஸ்டுடியோவுக்குக் கொடுப்பதாக இருந்தார்.

"பிரெஞ்சு சாண்ட்விச். மூணே மூணு பொருள்" என்றார் அவர். "நல்ல நீள ரொட்டி, நல்ல வெண்ணெய், நல்ல ஹாம். அவ்வளவுதான். எல்லாத்தையும் நீங்களே பார்த்து உசத்தியா வாங்குங்க. ஒரு சொட்டு பசை, ஒரு துளி பெயிண்ட் இருக்கக் கூடாது. படம் எடுத்த அதே சாண்ட்விச்சை நாளைக்கு மத்தியானம் நானே வந்து கடிச்சுப் பார்ப்பேன். போலின்னா என் நாக்கு சொல்லிடும். அப்புறம் ஒப்பந்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

கேமராக்காரர் இன்று காலையில் வந்ததும் வராததுமாக விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "அக்கா, இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா கடையைச் சாத்திட்டு நான் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பிடுவேன். அங்க உங்களுக்கு வேலை இருக்காது. மணப்பொண்ணுக்கு வார்னிஷ் அடிக்க முடியாது."

அக்கா அசரவில்லை. அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு நீள ரொட்டி வாங்கி வந்திருந்தாள். பண்ணையிலிருந்து வரும் உப்புப் போட்ட வெண்ணெய். காகிதம் மாதிரி சீவிய ஹாம், அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி. ஸ்டுடியோ நடுவில் நின்று, "எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னைக்கு இங்க இருக்கறது அத்தனையும் அசல்! யாரும் பயப்பட வேண்டாம்!" என்று அறிவித்தாள். ரொட்டியின் நுனியைக் கிள்ளி, வெண்ணெய் தடவி, ஒரு துண்டு ஹாம் வைத்து வாயில் போட்டுப் பார்த்தாள். மொறுமொறுவென்று ரொட்டி, குளுகுளுவென்று வெண்ணெய், அதற்குப் பின்னால் மெல்ல வரும் இறைச்சியின் உப்பு. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கு இவ்வளவு ருசியா என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தான் மேஜையில் வைக்கும் ஒன்றை முதல் முறையாக ஒரு மனிதர் சாப்பிடப் போகிறார்!

அந்தச் சந்தோஷம் லைட் போடும் வரைக்கும்தான்.

நாலு பெரிய விளக்குகளின் சூட்டில் வெண்ணெய் உட்கார மறுத்தது. அக்கா அதை உறைபெட்டியில் வைத்து எடுத்தாள். இப்போது அது செங்கல்லாகிவிட்டது. அழுத்தித் தடவியதில் ரொட்டி நடுமுதுகில் பிளந்துகொண்டது.

"வேற ரொட்டி!"

வேறு ரொட்டி வந்தது. அதற்குள் ஹாம் ஓரமெல்லாம் சுருண்டு, பழைய செருப்புத் தோல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். ஹாம் தெளிந்தது. வடிந்த தண்ணீரில் ரொட்டி ஊறிப்போனது.

"சூடுதான் பிரச்சினை. ஃபேனைப் போடுங்கண்ணே, காத்து வந்தா சரியாயிடும்."

லைட்காரர் மேஜை ஃபேனைப் போட்டார். மெல்லியதாகச் சீவிய உயர்ந்த ரக ஹாம் ஒரு துண்டு எழும்பிப் பறந்தது.

கேமராக்காரர் கேமராவில் கண்ணை வைத்தபடி, "என்னக்கா, எல்லாமே இளஞ்சிவப்பா தெரியுது?" என்றார்.

அதைத் துடைத்து முடிப்பதற்குள் மத்தியானம் நெருங்கிவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டே ரொட்டி, ஒரு கட்டி வெண்ணெய், கொஞ்சம் ஹாம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராக்காரரை மட்டும் ஓரமாக அழைத்துக் காதோடு சொன்னாள்.

"தம்பி, ஒரு வழி இருக்கு. உள்ள அசல்ல ஒண்ணு செஞ்சு மூடி வெச்சுடறேன். படத்துக்கு நம்ம பாணியில ஒண்ணு. அவர் படியேறுற சத்தம் கேட்டதும் தட்டை மாத்திடுவோம். கடிக்கிறது அசலா இருந்தாப் போதும், இல்லையா?"

கேமராக்காரர் யோசித்தார். "மாட்டிக்கிட்டா?"

"மாட்டமாட்டோம். ஒரே ரொட்டி, ஒரே நீளம்."

அசல் சாண்ட்விச்சைப் பார்த்துப் பார்த்துச் செய்து, சமையலறை அலமாரியில் தட்டுப் போட்டு மூடினாள். அதன் பிறகு தன் பழைய பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் மெழுகுவர்த்தியை உருக்கி, ஆறவிட்டு, வில்லை வில்லையாக வெட்டினாள். வெண்ணெய் தயார். ஈரக் காகிதத்தில் பீட்ரூட் சாறு நனைத்து மடிப்பு மடிப்பாக மடித்தாள். ஹாம் தயார். கடைசி ரொட்டியின் மேலோட்டுக்கு பிரவுன் கலர் ஷூ பாலிஷ் இரண்டு கை. உள்ளே உயரம் வருவதற்குக் கொஞ்சம் பஞ்சு.

விளக்கெல்லாம் எரிந்தது. எதுவும் உருகவில்லை, எதுவும் சுருளவில்லை. கேமராக்காரர் நாலே படத்தில் வேலையை முடித்துவிட்டு, "அக்கா, பார்த்தாலே பசிக்குதுக்கா" என்றார் தழுதழுத்த குரலில்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா சமையலறைக்குப் பாய்ந்தாள்.

அலமாரியில் தட்டு இருந்தது. மூடியிருந்த தட்டும் இருந்தது. நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை. பக்கத்தில் லைட்காரர் நின்று, மீசையில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே... அதைச் சாப்பிட்டுட்டீங்களா?"

"பிரமாதம்மா! இத்தனை வருஷத்துல இந்த ஸ்டுடியோவுல ஒரு பருக்கை வாயில வெச்சிருப்பேனா? உயிருக்குப் பயந்து வீட்டுலேர்ந்துதானே கட்டிட்டு வருவேன்! இன்னைக்கு அத்தனையும் அசல், பயப்படாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்காகத்தான் மூடி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவரைத் திட்டுவதற்குக்கூட நேரமில்லை. வாசலில் சாண்ட்விச் முதலாளி வந்து நின்றுவிட்டார். கோட்டும் சூட்டுமாக நல்ல ஆகிருதி. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய டிரைவர்.

"எங்கே என் சாண்ட்விச்?"

"சார், முதல்ல ஒரு காபி..." என்று கேமராக்காரர் குறுக்கே விழுந்தார்.

"காபி அப்புறம்."

"இல்ல சார், இது ரொம்ப நேரம் வெளியில இருந்துடுச்சு. ஆறிப்போச்சு. புதுசா ஒண்ணு செஞ்சு..."

"அதே சாண்ட்விச்னு சொன்னேனா இல்லையா?" முதலாளி நேராக மேஜைக்குப் போனார். விளக்கு வெளிச்சத்தில் தகதகத்துக்கொண்டிருந்த அதை இரண்டு கையாலும் எடுத்தார்.

"சார், வேண்டாம்!" என்று அக்கா சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை.

அவர் கடித்தார்.

லைட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கேமராக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஒரு பக்கம் மென்றுவிட்டு மறுபக்கம் தள்ளி மென்றார். உதட்டோரத்தில் ஷூ பாலிஷ் மெல்லிய கோடாகத் தெரிந்தது. பஞ்சு பல்லில் சிக்கியதோ என்னவோ, நாக்கால் ஒரு துழாவு துழாவினார். அக்காவின் கண்முன்னால் ஆஸ்பத்திரி வந்தது, போலீஸ் வந்தது, போலீஸுக்குப் பக்கத்தில் மாமியாரும் வந்தார். முதலாளியின் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்!

முதலாளி கண்ணைத் திறந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அசல்!" என்றார்.

லைட்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"அசல்! மூணே மூணு பொருள்! இதைத்தான்யா தேடிக்கிட்டிருந்தேன். யார் செஞ்சது?"

கேமராக்காரர் அக்காவைக் கை காட்டினார். முதலாளி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். இன்னொரு கடி கடித்தார். "ஒப்பந்தத்தை எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்று கேமராக்காரரின் தோளில் கை போட்டு உள்ளறைக்கு நடத்திக்கொண்டு போனார். போகிற போக்கில் டிரைவரைப் பார்த்து, "மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கப்பா, வண்டியில சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

அக்கா அப்படியே சிலையாக நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கை பட்டதை ஒருவர் ரசித்துச் சாப்பிட்டு, கும்பிடு போட்டு, மிச்சத்தையும் கேட்கிறார். அதுவும் மெழுகை! சந்தோஷப்படுவதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா? உள்ளறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கையெழுத்தாகிவிட்டது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், ஸ்டுடியோ நிலைக்கும்.

டிரைவர் மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனால் போகிறது, ஒரு மனிதரின் வயிற்றோடு விளையாட முடியாது. ஓடிப்போய் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை அவருக்குக் கொடுத்துடாதீங்க! அது வெண்ணெய் இல்ல, மெழுகு. ஹாம் இல்ல, காகிதம். ரொட்டி மேல இருக்கறது ஷூ பாலிஷ். எல்லாமே போலி! அவரை உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!"

டிரைவர் கொஞ்சமும் பதறவில்லை. பொட்டலத்தின் கடைசி மடிப்பையும் மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பயப்படாதீங்கம்மா, நேத்து ஒரு ஸ்டுடியோவுல அசல் வெண்ணெயும் அசல் ஹாமும் வெச்சுக் கொடுத்தாங்க, ஒரே கடிதான், 'சுத்தப் போலி, எங்க கடை ருசியே இதுல இல்ல'ன்னு துப்பிட்டு எழுந்து வந்துட்டார்!"