தட்டத்திலிருந்து பேசிய டாக்குத்தர்

ஓமந்தையில் ஒரு வெள்ளைக்கார டாக்குத்தர் வந்திருக்கிறார் என்று வன்னி முழுக்க ஒரே கதை. சும்மா டாக்குத்தர் இல்லை, செத்துப்போன டாக்குத்தர்! அவருடைய மண்டை ஓடு கபாலானந்த சுவாமியின் கொட்டிலில், பித்தளைத் தட்டத்தில் இருந்தபடி பேசுகிறதாம். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் என்று சொல்லுகிறதாம்.

அந்தப் பரீட்சை லேசுப்பட்டதா? பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்று நாலு பாடம். எழுதித் தேறினால் கொழும்புக்குப் போய்த் தவளை வெட்டிக் காட்டவேண்டும். அதிலும் தேறினால் முதல் வருடம் விஞ்ஞானம், பிறகு அங்கேயே டாக்குத்தர் படிப்பு. பெற்றவர்களுக்கு வாயூறாதா? கண்டாவளையில் வயல் செய்யும் கமக்காரர் விபூதியோடும் முல்லைத்தீவு மதலேனா செபமாலையோடும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மண்டை ஓட்டுக்குச் சமய பேதம் இல்லை. காணிக்கையில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு.

சுவாமி ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் புத்தகங்களை எல்லாம் டாக்குத்தரின் காலடியில் ஒப்படைக்கவேண்டும். அதற்குப் பிறகு படிப்பது டாக்குத்தரை அவமதிப்பதாம். மண்டை ஓட்டுக்கு ஏது காலடி என்று ஒருவரும் கேட்கவில்லை.

முரசுமோட்டை மயில்வாகனத்தின் மகள் ஜெகதீஸ்வரி யாழ்ப்பாணத்து விடுதியில் இருந்து படித்தவள். பரீட்சைக்கு முன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்தால், மேசை வெறுமையாகக் கிடந்தது.

“ஐயா, என்ரை புத்தகங்கள் எங்கை?”

“சுவாமிக்குக் குடுத்தனுப்பிட்டன் பிள்ளை. இனி நீ கண் முழிச்சுக் கஷ்டப்படத் தேவையில்லை.”

அழுதால் புத்தகம் வருமா? அடுத்த பஸ்ஸில் ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஓமந்தைக்குப் போனாள்.

கொட்டில் நிறையச் சனம். கறுப்புத் திரைக்கு முன்னால் தட்டம், தட்டத்தில் பூச் சூடிய மண்டை ஓடு. சுவாமி இருமினார். உடனே கரகரத்த குரல் ஒன்று, “கேள் மகளே!” என்றது.

ஜெகதீஸ்வரி இங்கிலீசில் அதன் பெயரைக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

“செத்த பிறகு இங்கிலீசு மறந்துபோச்சுது பிள்ளை,” என்றார் சுவாமி.

“ஐயோ, பாவம்!” என்று சனம் உச்சுக் கொட்டியது. இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு சுவாமி காசு உழைக்காமல் என்ன செய்வார்?

“தொட்டுக் கும்பிடலாமோ சுவாமி?”

“தாராளமாக.”

அவள் மண்டை ஓட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியபடியே விறுவிறென்று வெளியே நடந்து, வெயிலில் நின்றுகொண்டு உரக்கக் கேட்டாள்: “டாக்குத்தர் ஐயா, இப்ப எங்கை இருக்கிறியள்?”

திரைக்குப் பின்னால் இருந்தவனை எச்சரிக்க நினைத்துச் சுவாமி இருமினார். இருமினால் பேசவேண்டும் என்பதுதானே ஒப்பந்தம்!

“நான் தட்டத்திலைதான் இருக்கிறன் மகளே!” என்றது குரல், கொட்டிலுக்குள் இருந்து.

சனம் வெறும் தட்டத்தைப் பார்த்தது. வெளியே அவள் கையில் இருந்த மண்டை ஓட்டைப் பார்த்தது. முதலில் சிரித்தவள் மதலேனா. மயில்வாகனம் எழும்பித் திரையைப் பிடித்து இழுத்தார். அங்கே சுவாமியின் மச்சான் சிற்றம்பலம், குரல் மாற்றிப் பேசும் பப்பாசி இலைக்காம்புக் குழலை வாயில் வைத்தபடி குந்தியிருந்தான். பக்கத்தில் பிள்ளைகளின் புத்தகங்கள், பழைய புத்தகக் கடைக்கு அனுப்பக் கயிறு போட்டுக் கட்டியபடி. எல்லாரும் அதைப் பார்த்து நின்ற நேரத்தில் சுவாமி வேலி பாய்ந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பும் வழியில் மயில்வாகனம் புத்தகக் கட்டைத் தன் தலையிலேயே சுமந்து வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “படிப்பை எதிலை விட்டனீ பிள்ளை?”

“தவளையின்ரை நெஞ்சிலை, ஐயா.”

“அப்ப கெதியா நடப்பம்.”

ஜெகதீஸ்வரி நாலு பாடத்திலும் தேறினாள். கொழும்பில் தவளையையும் வெட்டினாள். “அந்த மண்டை ஓட்டைத் தொட்ட பலன்தான்!” என்று கண்டாவளையில் இன்றும் சொல்லுகிறார்கள். மண்டையின் பலன்தான், சந்தேகமில்லை. அவளுடைய சொந்த மண்டை! உங்களுக்கும் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. அதற்குப் பூச் சூட்டவேண்டாம். கொஞ்சம் பாவித்துப் பாருங்கள்.