வள்ளத்தை ஹோட்டலுக்குக் கொடுப்பது சம்பந்தமாக

குருநகர்,
ஆனி 29.

அன்பும் மதிப்பும் நிறைந்த கொலின்ஸ் அண்ணைக்கு,

தம்பி தேவராசா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். மொன்றியலில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், முழங்கால்கள் உட்பட, நலமாயிருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஐயா விட்டுப்போன பாய்வள்ளத்தை ஹோட்டல்காரர் கேட்கிறார் என்று சொன்னேன் அல்லவா? சாப்பாட்டு மண்டபத்தின் நடுவில் வைத்து, அதற்குள் பிட்டும் இடியப்பமும் பரப்பி, வெள்ளைக்காரரைச் சுற்றிவர விடப்போகிறாராம். "உதை ஏன் வைச்சிருக்கிறாய், குடு" என்றீர்கள். வள்ளத்தில் சரிபாதி உங்களுடையது. எனக்கும் பூரண சம்மதம். என்ன காரணத்தால் சம்மதம் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் றோய். வங்கியில் பெரிய உத்தியோகம். ஞாயிறு பூசை முடிந்ததும் டாக்குத்தர், வாத்திமார், வெளிநாட்டிலிருந்து திரும்பினவர்கள் என்று பத்துப் பதினைந்து பேரைக் கரையில் கூட்டி, பழைய வள்ளங்களைப் பரவைக்கடலில் பாய் கட்டி ஓடவைக்கிறார். எஞ்சின் கூடாது. மீனும் பிடிப்பதில்லை. கடலுக்குப் போய்ச் சும்மா திரும்பி வருகிற மனிதர்களை அறுபத்தாறு வயதில்தான் முதன்முதலாகக் கண்டேன். ஹோட்டலுக்குப் போகமுதல் வள்ளம் ஒருதரம் ஓடட்டுமே என்று நானும் சேர்ந்தேன். என் மனுசி கத்தரீனா விடவில்லை, ஞாயிறு கர்த்தரின் ஓய்வு நாளாம்.

"ஞாயித்துக்கிழமை கடலிலை இறங்கின ஆரும் எங்கடை பகுதியிலை இருக்கினமோ?"

"வலை கொண்டு போகேல்லையப்பா. வலை இல்லாட்டி அது கடல் இல்லை, காத்து வாங்கிறது."

சொல்லிவிட்டுப் போனேன். பாதி வழியில் ஒரு மணலை மீன் துள்ளி வந்து நேரே என் மடியில் விழுந்தது. மற்ற நாட்களில் இரவிரவாகக் கிடந்தாலும் வராத சாதி! திருப்பி எறிந்தால் கடலை அவமதித்த மாதிரி, கொண்டுவந்தால் ஞாயிற்றுக்கிழமை மீன். கத்தரீனாதான் வழி கண்டாள். மீனைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, திங்கட்கிழமை விடிந்த பிறகு குழம்பு வைத்தாள். நல்ல ருசி.

அடுத்த ஞாயிறு சோளகக் காற்று பலத்துவிட்டது. பாயை ஏற்றியதும் வள்ளம் சரியத் தொடங்கியது. காற்று வருகிற பக்கத்து ஓரத்தில் ஒருவர் குந்தியிருந்து பாரம் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அது உங்கள் இடம். அங்கே றோயை இருத்தினேன். நடுக்கடலில் அவருக்கு ஃபோன் வந்தது. எழும்பினார். வள்ளம் கவிழ்ந்தது. பரவைக்கடலில் தண்ணீர் இடுப்பளவுதான் என்பதால் உயிர்ச்சேதமில்லை. மனுசன் பொலித்தீன் பைக்குள் இருந்த ஃபோனைக் காதில் வைத்து, "ஓம் சேர், இப்ப வெளியிலை நிக்கிறன்" என்று கதைத்து முடித்த பிறகுதான் வள்ளத்தை நிமிர்த்தக் கைகொடுத்தார்.

மூன்றாம் ஞாயிறு என்னைக் கண்காணிக்கக் கத்தரீனாவே ஏறினாள். வள்ளம் மறுபக்கமாகச் சரிந்தது. அதற்கு மேல் எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அவள் முத்திரை தரமாட்டாள்.

கடைசியில் ஒரு சீமெந்துப் பையில் மண் நிரப்பினேன். சங்கத்து மீன் தராசில் ஒருநாள் நீங்கள் விளையாட்டுக்கு ஏறி நின்றீர்களே, அறுபத்திரண்டு கிலோ. அதே தராசில் அதே நிறை பார்த்து மூட்டையைக் கட்டி உங்கள் இடத்தில் வைத்தேன். அண்ணை, வள்ளம் நூல் பிடித்த மாதிரி மண்டைதீவுப் பக்கமாகப் பறந்தது! கோயில் பெருநாள் ஓட்டத்தில் நாங்கள் முதலாவதாக வந்தபோதும் இப்படித்தான் ஓடியது. அன்றைக்கு "இழு மாடே, இழுடா!" என்று கரைவரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். மூட்டை திட்டவில்லை. அதுதான் குறை. தொண்ணூற்றொன்றில் நீங்கள் போன அன்று பாயைச் சுருட்டி வீட்டுக் கூரை வளையில் செருகினேன், பிறகு இந்த மாதம்தான் விரித்தேன். திரும்பி வரும்போது மூட்டையோடு கொஞ்சம் கதைத்தேன். ஐயாவின் கடைசி நாட்களைப் பற்றி. ஃபோனில் உங்களுக்கு அவ்வளவும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வள்ளத்தில் வந்த றோய் கண்டிருப்பார், தன் பாயைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

ஆகவே அண்ணை, இரண்டாள் இல்லாமல் ஓடாத வள்ளத்தை ஒருவன் வைத்து என்ன செய்வது? பிட்டாவது நிரம்பட்டும். உங்கள் சம்மதக் கடிதத்தை அனுப்பிவையுங்கள்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எங்கள் பெயரால் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள்.

பாசமுள்ள தம்பி,
தேவராசா

பி.கு.: கத்தரீனா இதை வாசித்துவிட்டு மூன்று நாள் முத்திரை தரவில்லை. அதற்குள் ஹோட்டல்காரர் லொறியோடு வந்துவிட்டார். "ஐயா, உந்த மண்மூட்டையை இறக்குங்கோ, வள்ளத்தை ஏத்துவம்" என்றார். குனிந்தேன், கை வரவில்லை. "அதிலை எங்கடை அண்ணை இருக்கிறார்" என்றேன். அவர் என்னையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கத்தரீனாவைப் பார்த்தார். அவள், "ஓம், இருக்கிறார். நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். லொறி வெறுமையாகப் போயிற்று. சம்மதக் கடிதம் வேண்டாம். அறுபத்திரண்டு கிலோ என்பது பழைய கணக்கு. இப்போது உங்கள் நிறை என்ன? சோளகம் முடியமுதல் மூட்டையைச் சரிப்படுத்த வேண்டும். எழுதப் பஞ்சியென்றால், நேரே வந்து குந்தினாலும் சரி.