முட்டைக் கோது கரைந்த விதம்

விஞ்ஞானம் மனிதகுலத்துக்குத் தந்த பேறுகளுள் தலையாயது, கல்வி அலுவலகமாகிய எங்கள் கந்தோரின் ‘சமையலறையே ஆய்வுகூடம்’ என்ற சுற்றறிக்கை. அதைத் தட்டச்சு செய்தவன் நான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

போர் முடிந்து மூன்றாம் வருடம். பள்ளிக்கூடங்களுக்கென வந்த இரசாயனப் பெட்டிகளை, பிள்ளைகள் திறந்தால் பழுதாகிவிடும் என்பதால், கந்தோரில் பூட்டிப் பாதுகாத்தோம். பெட்டிக்குப் பதிலாகப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு முட்டை கொண்டுவர வேண்டும் என்று பணிப்பாளர் அருட்பிரகாசம் கட்டளையிட்டார்.

அரிப்பு என்ற மீனவ ஊருக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொடக்க விழா. சோளகக் காற்றால் பத்து நாளாக வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை; வீடுகளில் உழைப்பில்லை. ஆனாலும் மேசையில் நாற்பத்திரண்டு முட்டைகள்! மக்களின் விஞ்ஞான தாகத்தை எண்ணிப் பணிப்பாளர் கண்கலங்கினார்.

விஞ்ஞான ஆசிரியை செலீனா மெல்லச் சொன்னார்: “சேர், பரிசோதனைக்கு ஒரு முட்டை போதும். அதையும் நான் நேற்றே வினாகிரியில ஊறப் போட்டிட்டன். இதுகளைத் திருப்பிக் குடுப்பமே?”

“ரீச்சர், இது ‘மக்கள் பங்களிப்பு’. திருப்பிக் குடுத்தா அறிக்கையில பங்களிப்புக் குறைஞ்சிடும்” என்றார் பணிப்பாளர்.

அப்போது மதலேனா என்ற தாய் வாசலில் வந்து நின்றாள்.

“ஐயா, என்ர மகள் அன்ரோனெற் கொண்டுவந்த முட்டையைத் தாங்கோ. சின்னவளுக்குக் காய்ச்சல் இப்பதான் விட்டது. அவளுக்கெண்டு வைச்சிருந்தனான்.”

“அம்மா, அது இப்ப முட்டை இல்லை. பரிசோதனைப் பொருள்” என்று பணிப்பாளர் விளக்கினார்.

“சரி ஐயா, பரிசோதனைப் பொருளைத் தாங்கோ. அவிச்சுக் குடுக்கிறன்.”

இத்தகைய அறியாமையை ஒழிக்கத்தானே சுற்றறிக்கை! அவளைப் பின்வாங்கில் அமர வைத்தோம்.

செலீனா ரீச்சர் புளித்த காடி மணக்கும் வினாகிரிப் போத்தலிலிருந்து முட்டையை எடுத்தார். கோது கரைந்து, மெல்லிய தோலோடு அது உள்ளங்கையில் தளதளத்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே மஞ்சள் கரு மிதந்தது. பிள்ளைகள் “ஆ!” என்று எழுந்துவிட்டார்கள். மதலேனாகூட எட்டிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பின்பு தேநீர் உபசாரம். முட்டைக் கூடை எப்போது குசினிக்குப் போனது என்று நான் கவனிக்கவில்லை. தட்டுத் தட்டாக முட்டை ரோல்ஸ் வந்தது, விருந்தினருக்கு மட்டும்.

மதலேனா தட்டைப் பார்த்தாள். எழுந்து போனாள். அன்ரோனெற் தாயின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பணிப்பாளர் வாயைத் துடைத்துக்கொண்டு அவளை அழைத்தார். “பிள்ளை, இண்டைக்கு என்ன படிச்சனீர்? பயப்பிடாமச் சொல்லும்.”

அவள் பயப்படவில்லை.

“வினாகிரிக்குள்ள போட்டா முட்டையின்ர கோது மட்டும்தான் காணாமப் போகும் சேர். கந்தோர் ஆக்கள் வந்தா முழு முட்டையும் காணாமப் போகும்.”

அறிக்கையின் ‘கண்டறிந்த முடிவு’ என்ற பகுதியில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். ‘பிள்ளைகள் மனமுவந்து பங்களித்தனர்’ என்று எழுதினேன். எழுதும்போது என் வாய்க்குள் அந்த நாற்பத்திரண்டில் ஒன்று இருந்தது.