மைத்துனர் வாங்கித் தந்த கிராபிக்ஸ் கார்டு பிழைத்த விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கேயும் எல்லாரும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருமகளின் கம்ப்யூட்டரில் படம் ஓட நீங்கள் வாங்கித் தந்த கிராபிக்ஸ் கார்டு போன மாதம் மண்டையைப் போட்டுவிட்டது. திரை முழுக்கக் கோடு கோடாக வந்து, பிறகு ஒரே இருட்டு. அவளுடைய கார்ட்டூன் படத்தைப் போட்டிக்கு அனுப்பப் பதினைந்து நாள்தான் பாக்கி. வாரண்டி இருக்கிறது, கம்பெனிக்கு அனுப்பினால் பத்து நாளில் புதிதாகவே தருவார்கள் என்றாள். பத்து நாள் என்கிறவன் இருபது நாள் ஆக்குவான் என்றேன் நான். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, நடுவழியில் நின்ற லிஃப்டிலிருந்து டாக்டரையும் அவருடைய நோயாளியையும் சேர்த்தே இறக்கியவனுக்கு இந்தப் பலகை ஒரு பொருட்டா? திருகாணி மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர்தான் குறுக்கே நின்றது. கிழித்தால் வாரண்டி போச்சாம். நான் ஸ்க்ரூ டிரைவரோடு கிட்டே போகும்போதெல்லாம் உங்கள் அக்கா, “ஏங்க, மிக்ஸியத் திறந்தீங்களே, அது இப்ப எங்க?” என்று கேட்பதும், நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவதுமாக ஒரு நாள் போனது.

மறுநாள் மகளே மனசு மாறி, “சரிப்பா, நீங்களே பாருங்க. அவசரமே இல்ல, ஒரு வாரம்கூட எடுத்துக்கங்க” என்று கார்டைக் கையில் கொடுத்தாள். ஸ்டிக்கரைக்கூட அவளே உரித்து வைத்திருந்தாள். அப்பன் மேல் அவ்வளவு நம்பிக்கை. சாப்பாட்டு மேசையை வளைத்துப்போட்டேன். பிரஷ்ஷால் தூசி தட்டி, சூடு கடத்த வைத்துக் காய்ந்து கல்லாய்க் கிடந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவி, சுற்ற மறுத்த விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். எட்டு நாள் மூவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஒன்பதாம் நாள், மாட்டுவது நுணுக்கமான வேலை என்று அவளே அறைக்குள் கொண்டுபோனாள். கூப்பிட்டதும் போய்ப் பார்த்தால், திரையில் அவள் வரைந்த யானை குட்டிக்கரணம் போடுகிறது. நான் அழுதேன், உங்கள் அக்கா ஏனோ சிரித்தாள். படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, நேற்று இரண்டாம் பரிசும் வந்துவிட்டது. ஆகவே இனி உங்கள் வீட்டில் எது கெட்டாலும் வாரண்டி, கீரண்டி என்று அலையாமல் எனக்கு அனுப்பவும்.

உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: கவரை ஒட்டும் முன் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் தந்த கார்டை அவள் அது கெட்ட மறுநாள் காலையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டாளாம். எட்டாம் நாளே புதிது வந்து, அறைக்குள் அவள் மாட்டியது அதைத்தானாம். என் கையில் கொடுத்தது, இனி ஓடாது என்று அவள் சிநேகிதி பரணில் போட்டிருந்த பழைய கார்டு. இரண்டு நிமிஷம் கோபமாக இருந்தேன். பிறகு அதையும் மாட்டிக் காட்டச் சொன்னேன். ஓடுகிறது. ஆகவே மேலே எழுதிய பெருமை எதையும் அடித்துத் திருத்தவில்லை. எல்லாவற்றையும் அந்தப் பழைய கார்டுக்கு என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும்.