பிங் அண்ணன் கழற்றிய ஒயர்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே யார் சொன்னதையும் நம்பாத ஒரு மனிதரைக் காட்டச் சொன்னால், யோசிக்காமல் பிங் அண்ணனைக் காட்டுவேன். மழை பெய்கிறது என்றால் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பார். நனைந்தால் மற்ற கையையும் நீட்டுவார்.

மணமேல்குடியில் விசைப்படகுச் சங்க ஆபீஸில் நான் கிளார்க். அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எங்களிடம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், ஜெகதாப்பட்டினம் துறைமுக அறையில் இன்னொன்று. கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று அவற்றிலுள்ள கருவிகள் துறைமுகத்துக்குச் சொல்லும். அங்கிருந்து பட்டியல் எங்களுக்கு வரும். இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாத நாட்களே அதிகம். ஒன்று 'இருக்கியா' என்று கேட்டு, மற்றது 'இருக்கேன்' என்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் பிங். நாளெல்லாம் அதையே தட்டித் தட்டி அண்ணனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

"நெட்டு வரல" என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். எதுவரைக்கும் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று சொல்லத் தெரியாதவன் வாயைத் திறக்கக் கூடாது என்பார். முதலில் ஒயர், பிறகு நம் கம்ப்யூட்டர், பிறகு ரவுட்டர், அதற்குப் பிறகுதான் வெளியூர். வரிசை மாறவே மாறாது.

ஒருநாள் பதினொரு மணி டீ வரவில்லை. அண்ணன் கிளம்பிப் போய், டீக்கடையில் ஆர்டர் சேர்ந்ததா, மாஸ்டர் போட்டாரா, பிளாஸ்க் புறப்பட்டதா என்று கடை கடையாக விசாரித்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, டீ தையல் கடையில் இறங்கிவிட்டது, நம் பக்கம் கோளாறு இல்லை என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். டீ மட்டும் வரவில்லை.

கல்யாண விஷயத்திலும் அவருக்கு இதே முறைதான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதமாகப் பதில் இல்லை. வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார்கள். இவர் தரகர், பெண்ணின் மாமா, சித்தப்பா என்று ஒவ்வொருவராக விசாரித்துக் கடைசியில் பெண் வீட்டு வாசலிலேயே போய் நின்றார். அந்தப் பெண்ணே வெளியே வந்து, வேண்டாமென்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டோமே என்றாளாம். "அப்ப தரகர்கிட்டதான் நின்னுருக்கு" என்று சொல்லிவிட்டு இவர் நிம்மதியாக பஸ் ஏறிவிட்டார். அந்த நிம்மதியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவர் வேறு பெண்ணே பார்க்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு தடவை, விடியற்காலையில் கரைக்கு வரவேண்டிய மூன்று படகுகள் பத்து மணியாகியும் வரவில்லை. படகில் போனவர்களின் வீட்டு ஆட்கள் எங்கள் ஆபீஸில் நிறைந்துவிட்டார்கள். பட்டியலோ வரவில்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து 'இருக்கேன்' இல்லை. அண்ணன் வழக்கம்போல மேஜைக்கடியில் குனிந்து ஒயரிலிருந்து ஆரம்பித்தார். ஆளாளுக்குத் திட்டினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. துறைமுக அறைக்குப் போன் போட்டு, அங்கே திரையில் ஓடுவதை வரி வரியாகப் படிக்கச் சொன்னார்.

"நாம கேக்குறது அங்க போகுது. அங்கிட்டுருந்து பதிலும் சொல்லுது. ஆனா அது வேற வழியில போயிருது."

போன வாரம் துறைமுக அறையில் புதிதாக இன்னொரு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கான பதில்களெல்லாம் அதன் வழியாகப் போய்த் தொலைந்துகொண்டிருந்தன. திரும்பி வரும் வழியைச் சொல்லும் ஒரே ஒரு வரியை, எழுத்தெழுத்தாகப் போனிலேயே சொல்லி அடிக்கவைத்தார். பட்டியல் வந்து விழுந்தது.

இரண்டு படகுகள் கரைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது படகிலிருந்து அதிகாலைக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

காலையிலிருந்து எங்கள் ஆபீஸில் காத்திருந்த செல்வராணியின் வீட்டுக்காரர் அந்தப் படகில்தான் போயிருந்தார். அதுவரை எல்லோருக்கும் திட்டுவதற்கு ஒரு மெஷின் இருந்தது. அண்ணன் அதைச் சரிசெய்துவிட்டார். மற்றவர்கள் துறைமுகத்துக்கு ஓட, அவள் மட்டும் அவரிடம் வந்தாள்.

"லைன்லதான் இன்னும் ஏதோ கோளாறு இருக்கும். இன்னொரு தடவ பாருங்கண்ணே."

லைன் சுத்தமாக இருந்தது. அது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஒருமுறை சரியென்று தெரிந்துவிட்ட ஒன்றை மறுபடி தொட்டதற்காக என்னை அவர் ஒரு வாரம் வைதிருக்கிறார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, நன்றாக இருந்த ஒயரைத் தானே கழற்றினார்.

"இருக்கும் தங்கச்சி. மொதல்லேருந்து பாத்துருவோம்."

ஒயரை மாட்டினார். ஒவ்வொரு கட்டத்தையும் அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே துறைமுகக் கம்ப்யூட்டர்வரைக்கும் சோதித்துக்கொண்டு போனார். அதே பட்டியல்தான் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி ஒயரைக் கழற்றினார். சங்கத் தலைவர் வந்து, சரியாகத்தானே இருக்கிறது, என்ன செய்கிறாய் என்று அதட்டினார். இன்னும் சரியாகவில்லை என்று நான் பொய் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். மத்தியானம் மூன்று மணிவரை அவள் அழவில்லை.

மறுநாள் போன் வந்தது. எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்கள் அத்தனை பேரும் அக்கரை ஜெயிலில், உயிரோடு. ஜெயில் என்று கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் பக்கத்துப் பிழைப்பு அப்படி. அவள் வீட்டுக்காரர் பல மாதம் கழித்துத் திரும்பினார். படகு திரும்பவில்லை.

அண்ணன் இப்போது திருச்சியில் எங்கோ வேலை பார்க்கிறார். அன்றைக்கு அவர் செய்தது வெறும் வீண் வேலைதான். எனக்கு அப்படியொரு நாள் வந்தால், பக்கத்தில் அந்த மனுஷன் இருக்கவேண்டும்.