யாருக்கும் வணக்கம் சொல்லாத ரூல்ஸ் சார்

புதுச்சேரி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ரூல்ஸ் சாரைப் போல மரியாதை கெட்ட மனுஷன் கிடைக்கமாட்டார். மூலக்குளத்தில் எங்கள் தெருவில்தான் கிளினிக். முறைப்படி பதிவு செய்த உளவியலாளர். வாசல் போர்டில் பேர், படிப்பு, பதிவு எண். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'நான் மருத்துவர் அல்ல, மாத்திரை தருவதில்லை.'

"இன்னா தருவோம்னு சொல்லத்தான்யா போர்டு வைப்பாங்க. இவரு தராததுக்கு வச்சிருக்காரு" என்றார் டீக்கடை பாஸ்கர்.

தொழில் விதிகள்தான் சாருக்கு வேதம். ஒருநாள் குணமான யாரோ சந்தோஷத்தில் அவர் வாசலில் பலாப்பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது விதி. கொடுத்தவர் பேரைச் சொல்லக்கூடாது என்பதும் விதி. பழம் இரண்டுக்கும் நடுவில் பழுத்து, வெடித்து, தெருவையே மணக்கவைத்தது. கடைசியில் நாங்கள்தான் அறுத்துத் தின்றோம். சார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இன்னொரு விதி: தெருவில் பார்த்தால், தன்னிடம் வருகிறவர்களுக்கு அவராக வணக்கம் சொல்லமாட்டார். அவர்கள் ரகசியம் வெளியே தெரியக்கூடாதாம். மற்ற எல்லோருக்கும் கைகூப்புவார். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் தெருவுக்கு மூளை இருக்கிறதே! பாஸ்கர் கண்டுபிடித்துவிட்டார்: "சாரு யாரைப் பாத்துக் கும்புடலியோ, அவன் பேஷன்ட்டு!"

இந்தக் கண்டுபிடிப்பு என் தங்கச்சி செல்வியின் கல்யாணத்தில் வந்து விடிந்தது. தட்டாஞ்சாவடியில் அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் தூக்கம் போய், சாப்பாடு போய், அழுதுகொண்டே கிடந்தவள், சாரிடம் போய்த்தான் மனுஷியானாள். வில்லியனூர் மாப்பிள்ளையிடம் அதை அவளே சொல்லிவிட்டாள். "இதுல இன்னா இருக்கு?" என்றார் அவர். தங்கமான பையன். ஆனால் முடிவெடுப்பது அவருடைய தாய்மாமன்.

நிச்சயத்தன்று அந்த மாமன் முதலில் டீக்கடையில் உட்கார்ந்தார். ஓட்டைவாய் பாஸ்கர் தெருவின் விஞ்ஞானத்தைப் பெருமையாக விளக்கிவிட்டார். மாமன் எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை.

"கம்பெனி மூடுனப்புறம் பொண்ணு ரூமை விட்டே வரலியாமே? அந்தச் சாரு வர்ற நேரம்தான். பொண்ணக் கேட்டாண்ட நிக்கச் சொல்லுங்க."

செல்வி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சார் வந்தார். 'ஐயா, இன்னிக்கு ஒருநாள் விதியை மறந்து தொலையும்' என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவரோ செல்வியை விளக்குக் கம்பத்தைத் தாண்டுவது போலத் தாண்டினார்.

மாமன் மீசையைத் தடவினார். அதற்குள் சார் என்னையும் தாண்டினார். பாஸ்கர் "வணக்கம் சார்" என்று பல்லைக் காட்டினார். பதில் இல்லை. எதிரே காய்கறிப் பையோடு சாரின் சொந்த மாமியார். அவரையும் தாண்டினார்.

"இன்னா மாப்ள, கண்ணு அவிஞ்சிப்போச்சா?" என்று அந்தம்மா தெரு அதிரக் கத்தினார்.

மாமன் பாஸ்கரிடம் திரும்பினார். "யோவ், அப்போ நீயும் பேஷன்ட்டா?"

"என்ன வுடுங்க. உங்களையும்தான் அவரு கும்புடல!"

மாமன் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்ல நேரம் போவுது, உள்ள வாங்க, தட்ட மாத்திக்கலாம்" என்றார்.

அன்று காலையில்தான் பாஸ்கரின் கண்டுபிடிப்பு சார் காதுக்குப் போயிருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அவர் ஈ காக்காவுக்குக்கூட வணக்கம் சொல்வதில்லை. ஊரே திமிர் பிடித்தவன் என்கிறது. மாமியார் பேச்சையே நிறுத்திவிட்டார். மனுஷன் அசையவில்லை.

இதை எழுதச் செல்வி சம்மதித்துவிட்டாள். "என் பேர மட்டும் மாத்திடுண்ணா" என்றாள். சாரிடமும் கேட்கப் போனேன்.

"சார், என் தங்கச்சியப் பத்தி..."

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"இருக்கா சார். நல்லா இருக்கா. ராத்திரியில நிம்மதியாத் தூங்குறா."

"சந்தோஷம்" என்றார், முன்பின் தெரியாத யாரையோ பற்றிக் கேட்டவர் போல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக இளகியது. அந்த மனுஷன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.