கண்ணீர் ஆய்வுக் குழுவின் தீர்மானம்

மனிதகுலத்தின் கண்ணீர் வரலாற்றை யாராவது எழுதத் துணிந்தால், முதல் அத்தியாயத்தை அந்த அகராதிப் பதிப்பகத்தின் முதலாளிக்கு ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவதையும் அவருக்கே கொடுத்தால் பாதகமில்லை. அப்படியொரு ஈர நெஞ்சம். அந்த ஆண்டில் மட்டும் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார். பதினோரு பேருக்கும் தனித்தனியாக அழுதார். மொத்தமாக ஒரே அழுகையில் காரியத்தை முடித்துக்கொள்ளும் அற்ப புத்தி அவரிடம் கிடையாது. போனவர்களும் லேசுப்பட்டவர்களில்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, அவரைத் தேற்றிவிட்டும் போனார்கள்.

பன்னிரண்டாவது தாள் அகராதி அக்காவுக்கு. இருபத்திரண்டு வருடமாகச் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறவள். 'அகராதி பிடித்தவள்' என்று பெயர். வேலையே அதுவென்றால் பிடிக்காமல் என்ன செய்வாள்? புதிய பதிப்பில் 'முதலைக் கண்ணீர்' என்பதற்கு அவள் எழுதிய எடுத்துக்காட்டு இது: 'ஆட்களை நீக்கிவிட்டு அவர் முதலைக் கண்ணீர் வடித்தார்.' யார் அந்த 'அவர்' என்று அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் முதலாளியைச் சுட்டது.

"வாக்கியத்தை மாத்தும்மா. இல்லேன்னா இந்தத் தாள்தான்," என்று கண் கலங்கினார்.

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். "என்னையே இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்ட. ஒரு வாக்கியத்த மாத்துனா என்ன?" என்றார் கணவர். நியாயமான கேள்வி.

எதையும் முறைப்படி செய்கிறவர் முதலாளி. ஆகவே 'கண்ணீர் ஆய்வுக் குழு' கூடியது. முதலில் விலங்குக்காட்சிசாலை மருத்துவர் சாட்சி சொன்னார்.

"இரையைத் தின்னும்போது முதலைக்குக் கண்ணுல தண்ணி வரும். தாடை அசையறதால இருக்கலாம்கறாங்க. துக்கமெல்லாம் இல்லை. அந்தக் காலத்துல ஊர் சுத்தினவங்க யாரோ பார்த்துட்டு, தின்ன பாவத்துக்கு அழுவுதுன்னு கதை கட்டிட்டாங்க. அதுலேர்ந்து போலி அழுகைக்கு அந்தப் பேரு."

"தண்ணி நிஜமா வருதா?" என்றார் முதலாளி.

"நிஜமாத்தான் வருது."

"அப்ப அது நிஜக் கண்ணீர். எழுதிக்கங்க."

இலக்கண ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "இதுல பிராணிக்கே வேலை இல்லீங்க. 'முதல்' கூட 'ஐ' சேர்ந்தா 'முதலை'. போட்ட முதலைக் காக்கும் கண்ணீர், முதலைக் கண்ணீர். நடுவுல 'காக்கும்' மறைஞ்சு நிக்குது."

முதலாளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். புதிய பொருள் ஏகமனதாக நிறைவேறியது: 'நிறுவனத்தைக் காக்கும் பொருட்டுப் பெரியோர் சிந்தும் தூய நீர்.'

"உன் வாக்கியத்தை அடிச்சுட்டு இதை எழுதி அச்சுக்கு அனுப்பும்மா. உன்னை அனுப்புற பாவம் எனக்கு வேணாம்." இரண்டு சொட்டு மேசையில் விழுந்தது. குழு தலைகுனிந்து மரியாதை செலுத்தியது.

அக்கா மருத்துவர் பக்கம் திரும்பினாள். "ஒரு சந்தேகம் டாக்டர். 'என் விருப்பத்துலதான் வாய்க்குள்ள போறேன்'னு இரைகிட்ட முதலை எழுதி வாங்குமா?"

மருத்துவர் முதலாளியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "வாங்காதுங்க."

"தன்னைத் தேத்தச் சொல்லுமா?"

"அவ்வளவு தூரம் அதுக்குத் தெரியாதும்மா."

அவள் பன்னிரண்டாவது தாளை மேசையின் மறுபக்கம் தள்ளினாள். "என்னை அனுப்புறதா இருந்தா, உங்க விருப்பம்னு நீங்களே எழுதிக் குடுங்க சார்."

பிறகு அச்சுப்படியை இழுத்தாள். எடுத்துக்காட்டை அவள் தொடவில்லை. தலைப்புச் சொல்லில் 'லை'யை மட்டும் அடித்து, ஓரத்தில் 'லாளி' என்று எழுதினாள்.

"தப்பு வாக்கியத்துல இல்லீங்க, சொல்லுல இருந்திருக்கு. இத்தனை வருஷமா ஒரு வாயில்லாப் பிராணி மேல அபாண்டமா பழி போட்டிருக்கோம்."